மூன்று நொடி விதி

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இன்று தரைக்கோடுகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாடை, இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் முன்பு இருந்த எங்கள் பள்ளி பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு என்னை இழுத்துப் போனது. வளையத்துக்குக் கீழே மஞ்சள் கட்டம். கோல் போட வருபவர்கள் அதற்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஒரு மதியம் எங்களோடு ஆடிய மல்லிகா நின்றுவிட்டாள்.

"நிக்கத்தான ஆசை? அங்கியே நில்லு," என்றார் பி.டி. சார்.

கொதிக்கும் சிமெண்டில் அவள் வெறுங்காலோடு நிற்க, சுற்றி எங்களை ஆடச் சொன்னார்.

"காலு எரியுது சார்."

"ரூல் இன்னான்னு புரிஞ்சிகினியா?"

பெல் அடித்த பிறகுதான் விட்டார். கொப்புளம் போட்ட பாதங்களின் ஓரத்தை மட்டும் ஊன்றி அவள் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் வரவில்லை. நாங்கள் அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்கவே பயந்து தள்ளித் தள்ளி ஓடினோம்.

"இப்பதான் ஒழுங்கா ஆடறீங்க," என்றார் சார்.