வாகை மரத்தடியில் என்னை நிறுத்தி வைத்த தாய்

என் மனைவியின் ஒரே தம்பி ரவி, வாகை மரத்தில் தலை கவிழ்ந்து இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். "மச்சான்" என்று கத்தினேன். பதில் இல்லை. இரத்தம் மட்டும் சொட்டுச் சொட்டாக என் முன்னால் விழுந்தது.

கண்ணகை அம்மனை நம்பியிருக்கும் உறவுகளே, அன்று நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். முதலில் இருந்தே சொல்கிறேன். அப்போதுதான் அவள் செய்தது உங்களுக்கு விளங்கும்.

நான் ஆரையம்பதிக்காரன். தென்னை ஏறிப் பழகிய கால். பிறகு பெரிய மரங்களில் கொப்புக் கழிக்கும், அதாவது கிளை வெட்டும் வேலைக்குப் பயிற்சி எடுத்து, ஒரு சான்றிதழும் வாங்கினேன். மின்கம்பி ஓரம், பள்ளிக்கூட வளவு, தெருவோர மரங்கள் என்று நல்ல வேலை எதற்கும் அது போதாது என்றார்கள். மரத்தில் அடிபட்ட ஆளைக் கீழே இறக்கத் தெரியும் என்று இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதே வேலை செய்யும் ரவியும் நானும் சேர்ந்தே பயிற்சிக்குப் போனோம். தேர்வுக்கு முன் அம்மன் வாசலில் விழுந்து கிடந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "தாயே, என்னைத் தேற வை."

ரவி தேறினான். நான் தேறவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பொம்மையை மரத்தில் தொங்கவிட்டு, ஆள் அடிபட்டுவிட்டான் என்று ஆசிரியர் சத்தம் போட்டார். நான் ஓடிப்போய் ஏறினேன். எல்லாரையும் விட வேகமாக அதை இறக்கினேன். பாராட்டுவார் என்று நின்றால், அவர் தலையை ஆட்டினார்.

"அவனை எது அடிச்சது எண்டு மேல பாத்தீங்களா? பாக்காம ஏறினா ரெண்டு பேரைத்தான் இறக்க வேணும்."

எங்கள் பக்கம் ஒருவன் விழுந்தால் ஓடுவதுதான் வழக்கம். நின்று பார்ப்பவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். அதிலும் நான் தென்னை ஏறியவன். தென்னையில் கொப்பு ஏது? மேலே என்ன சிக்கிக் கிடக்கிறது என்று பார்க்கும் பழக்கமே எனக்கு இல்லை.

அம்மனோடு கோபித்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை வைகாசிச் சடங்குக்குத் திறக்கும் கோயில் கதவு திறந்தபோதும் நான் போகவில்லை. மனைவி வசந்தி, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கின் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து என் தலையில் தெளித்தாள்.

"அவவோட கோவிச்சுக்கொண்டு எங்க போகப்போறீங்க?" என்றாள்.

போக இடமில்லைதான். மறுபடி தேர்வுக்குப் பதிந்தேன். வளவு மாமரத்தில் மண்மூட்டையைத் தொங்கவிட்டு நாள்தோறும் பழகினேன். நில். மேலே பார். பிறகு ஏறு. மூட்டைக்கு வைத்தியம் பார்க்கிறான் என்று அயலவர்கள் சிரித்தார்கள்.

அதற்குள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வேலை வந்தது. தெருவோரத்தில் பழைய வாகை மரம். புதுச் சான்றிதழ் உள்ளவன்தான் ஏறலாம். மூத்தவன் நான் கீழே, இளையவன் ரவி மேலே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கீழே நின்றேன்.

அவன் அறுத்த கொப்பு நேரே விழாமல் சுழன்று வந்து அவன் தலையில் அடித்தது. தலைக்கவசம் பிளந்தது. இடுப்புப் பட்டியில் மயங்கித் தொங்குபவனுக்கு அதிக நேரம் இல்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஓடிப்போய் அடிமரத்தில் கை வைத்துவிட்டேன். அந்த இடத்தில் கால் நின்றது. நானாக நிறுத்தவில்லை.

தெருவில் கூடியவர்களில் ஒரு பெரியவர் மகனை அதட்டுவது போல் கத்தினார். "என்ன மனே பாத்துக்கொண்டு நிக்காய்? ஏறு."

எனக்கு அழுகை வந்தது. "தாயே, சான்றிதழ் வேண்டாம். எனக்கு ஒன்றும் வேண்டாம். அவனை மட்டும் தா. காலை எங்கே வைப்பது என்று காட்டு."

மேலே பார்த்தேன். அவனை அடித்த கொப்பு நிலத்துக்கு வரவே இல்லை. நான் ஏறப்போன பக்கத்துக்கு நேர் மேலே, இலைகளுக்குள் சிக்கிக் கிடந்தது.

மற்றப் பக்கத்தால் ஏறினேன். அவனை என் கயிற்றில் கொளுவி, மண்மூட்டையை இறக்கியது போலவே இறக்கத் தொடங்கினேன். பாதி வழியில் அந்தக் கொப்பு முறிந்து, நான் முதலில் கை வைத்த இடத்தில் போய் விழுந்தது. ஏறு என்று கத்தியவரே பிறகு ஓடிவந்து ரவியைத் தாங்கிப் பிடித்தார்.

மண்முனைப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வசந்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்ட தம்பிய எனக்குத் தாங்க" என்று அழுதாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? வார்ட்டு வாசலில் நிலத்தில் இருந்துகொண்டு, அவன் எழும்பினால் அம்மனுக்குப் படையல் நிறைத்த மடைப்பெட்டி கொண்டு வருகிறோம் என்று நேர்ந்தேன். எழும்பாவிட்டால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்றும் அம்மனிடம்தான் கேட்டேன்.

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு ரவி கண் திறந்தான். உதடு அசைந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"அத்தான், மேல பாத்துத்தானே ஏறினீங்க?"

"ஓம் மச்சான்" என்றேன்.

பிறகு நானும் தேறினேன். இந்த வைகாசியில் மடைப்பெட்டியை ரவியே தலையில் சுமந்து வந்தான். யோசித்துப் பாருங்கள் உறவுகளே. முதல் தடவையே நான் தேறியிருந்தால் மண்மூட்டையோடு மல்லுக்கட்டியிருக்கமாட்டேன். ஓடிப்போய் ஏறியிருப்பேன். வசந்தி அன்றே இரண்டு பேரையும் இழந்திருப்பாள். நான் கேட்டதைத் தாய் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் இருந்ததைத் தந்தாள்.

கேட்டது கிடைக்கவில்லை என்று அவளோடு பேசாமல் இருப்பவர்கள் உங்களில் இருந்தால், கோபத்தோடேயே வாருங்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

இப்போதும் எந்த மரத்தடிக்குப் போனாலும் முதலில் நின்று மேலே பார்ப்பேன். கொப்பைப் பார்க்கிறான் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள். கொப்பையும் பார்க்கிறேன்தான். ஆனால் அதற்கு முன், காலை எங்கே வைப்பது என்று அவளிடம் கேட்டுவிடுகிறேன்.