பீர்க்கடையில் ஏறிய நடுமரம்

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகும் தெருவில் ஒரு வெள்ளைக்காரன் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தான். முழுக் கிராமம் இல்லை, அதன் பீர்க்கடை மட்டும்தான். அந்தக் கடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சமாசாரத்துக்கு இப்போது என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். கோபத்துக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது.

அவன் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தன் சொந்த ஊர்க் கடை எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம் அவனுக்கு. சித்திரை வெயிலில் தார் உருகும் ஊரில் சுவரோரம் குளிர்காயக் கணப்பு கட்டியிருந்தான். டிசம்பர் மாதம் அதில் கரியைப் போட்டு மூட்டிவிட்டு, தலைக்குமேல் பங்கா இழுக்க ஆளும் வைத்திருந்தான். கூரைக்கு வைக்கோல். எங்கள் குப்பத்தில் நாலு குடிசை எரிந்ததற்கு, இனிமேல் யாரும் ஓலை போடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன அதிகாரிகள், அவனுடைய வைக்கோலுக்குக் கீழே உட்கார்ந்து குடித்தார்கள். சுவரில் பஞ்சடைத்த நரித்தலை ஒன்று. அம்பு எறிந்து விளையாட ஒரு வட்டப் பலகை. வாசலில் தொங்கிய மணியை அடிக்காமல் உள்ளே வருபவன் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஒரு சட்டம். இதையெல்லாம் பார்த்து வெள்ளைக்கார மாலுமிகள் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்வார்கள். ஊர் நினைப்பு வந்துவிடுமாம். கடற்கரையை ஒட்டி உண்மையான கிராமம் ஒன்று, எங்களுடையது, கல்லெறி தூரத்தில் இருந்தது. அதிலிருந்து அந்தக் கடைக்குள் மீன் போகலாம், ஆள் போக முடியாது.

நான் குப்பத்தில் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். பேருக்குத்தான் குமாஸ்தா. உண்மையில் என் வேலை, எங்கள் ஆபீஸ் துரைக்கும் கூலியாட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பது. துரை "சோம்பேறி நாய்களே" என்பார், நான் "கொஞ்சம் சுருக்காப் பாருங்கப்பா" என்பேன். கூலிகள் துரையின் அம்மாவை இழுப்பார்கள், நான் "வெயில் அதிகம் என்கிறார்கள், சார்" என்பேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு நல்ல பெயர். என்னால்தான் வார்ப்பில், அதாவது கப்பல் சரக்கு இறங்கும் மேடையில், சண்டையே வருவதில்லை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்ட காலம் அது.

என் அண்ணனுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவனிடம் ஒரு கட்டுமரம் இருந்தது, அப்பா விட்டுப்போனது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மரம், நடுவில் நீளமான நடுமரம், மூன்றையும் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் வடிந்து காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். எங்கள் கரையில் எந்த நேரமும் இப்படி மரங்கள் சிதறிக் கிடக்கும். வெளியாள் பார்த்தால் கடல் ஒதுக்கிய கட்டைகள் என்று நினைப்பான். எது யாருடையது என்று குப்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். யாரும் தொட மாட்டார்கள்.

ஒரு ஆவணியில் அண்ணன் மச்சினி கல்யாணத்துக்காக எண்ணூருக்குப் பக்கத்தில் நெட்டுக்குப்பம் போனான். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் பக்க மரங்கள் இரண்டும் கிடக்கின்றன, நடுமரத்தைக் காணோம். கருவாடு காய வைக்கிற ஒரு அக்காதான் சொன்னாள்: தொப்பி போட்ட துரை ஒருத்தர் வந்து, கைத்தடியால் தட்டித் தட்டிப் பார்த்து, நாலு கூலிகளை வைத்துத் தூக்கிக்கொண்டு போனாராம். "உங்க அண்ணாத்த வித்துட்டார்னு நென்ச்சேன்" என்றாள்.

நடுமரம் இல்லாமல் மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டு அடுப்புதான் எரிக்கலாம். அந்த மரம் எங்கள் பக்கம் விளைவதில்லை. மேற்கு மலையிலிருந்து வர வேண்டும், வந்தாலும் செதுக்கிக் காயப்போட்டு எடுக்க அடுத்த வருஷம் ஆகிவிடும். அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், நாலாவது அண்ணியின் வயிற்றில். சொந்த மரத்தில் போகிறவன் இன்னொருவன் மரத்தில் துடுப்புப் போடப் போவது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய இறக்கம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அண்ணன் கரையில் வடக்கும் தெற்குமாக ஒரு வாரம் நடந்து தேடினான்.

கண்டுபிடித்தது நான். ஆபீஸ் துரை மாலையானால் அந்தப் பீர்க்கடையில்தான் இருப்பார். அவசரமாகக் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தோடு ஒரு நாள் என்னை அங்கே அனுப்பினார்கள். சமையல் கட்டு வழியாகத்தான் விட்டார்கள். உள்ளே நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் குறுக்கே, ஆள் தலை இடிக்கிற உயரத்தில், எண்ணெய் பூசி, ஆணியடித்து, பித்தளைக் குவளைகள் தொங்கவிட்டு, எங்கள் நடுமரம். மரத்தின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. அப்பா பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வைத்த மூன்று சூட்டுப் புள்ளிகள் அப்படியே இருந்தன. இருநூறு வருஷத்துக்கு முன்னால் உடைந்துபோன கப்பலின் உத்தரம் அது என்று கடைத் துரை யாரோ ஒரு மாலுமிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஊர்க் கடையிலும் இப்படி ஒன்று இருந்ததாம். தலையை இடித்துக்கொள்பவன் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டுமாம். அது அங்கே கூரையைத் தாங்கவில்லை, ஒரு துரும்பைக்கூடத் தாங்கவில்லை. கடலில் எங்கள் குடும்பத்தையே தாங்கின மரம் அது. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்த வழியே போனேன்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"கெட்ச்சிட்ச்சா? அப்பாடா. தெரியாம எட்த்துகினு பூட்டாரு, அவ்ளோதான். வா, போய்க் கேப்போம்."

"ண்ணா, அது அப்பிடி எல்லாம் சுளுவா..."

"இன்னா சுளுவு? அவுரு ஊர்ல கட்டுமரம் கீதா? இல்ல. பாத்தாரு, கட்டன்னு நென்ச்சிட்டாரு. நீதான் இங்கிலீசு பேசுவியே, எடுத்துச் சொல்லு."

சனிக்கிழமை சாயங்காலம் போனோம். அண்ணன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, என் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தான். தோளில் கயிறு. மரத்தைக் கட்டித் தூக்கி வருவதற்காம். சமையல் கட்டு வழியாகப் போகலாம் என்றேன். அவன் அதற்குள் முன்வாசலில் ஏறிவிட்டான். அம்பு எறிந்துகொண்டிருந்தவன் கையைக் கீழே விட்டான். மூலையில் எங்கள் ஆபீஸ் துரை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார்.

அண்ணன் மரத்தருகே போய் மூன்று புள்ளிகளையும் தடவிப் பார்த்தான். பிறகு கடைத் துரையைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னான்: "இது என்து. எங்கப்பன் மரம். இது இல்லாம நான் கடலுக்குப் போவ முடியாது. குட்த்துடுங்க."

இதை நான் இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், இந்த மரம் தன்னுடையதாக இருக்கலாமோ என்று என் அண்ணன் பணிவோடு சந்தேகப்படுகிறான் என்று சொன்னேன். சந்தேகமாம், அதில் பணிவு வேறு.

கடைத் துரை சிரித்தான். கரையில் கிடந்த குப்பையை எடுத்தேன் என்றான். சாமானை வெளியில் போட்டுவிட்டு அழுகிறவனுக்கு நானா பொறுப்பு என்றான். இங்கே மனுஷர்கள் குடிக்கிறார்கள், மீன் நாற்றம் அடிக்கிறது, இவனைக் கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் போலீசுக்குச் சொல்லி அனுப்புவேன் என்றான். கூடம் முழுவதும் சிரித்தது. ஆபீஸ் துரை மட்டும் கண்ணாடித் தம்ளரின் விளிம்பு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை அந்தத் தம்ளருக்குள் மிதப்பது எனக்குத் தெரிந்தது.

"இன்னாடா சொல்றாரு?" என்றான் அண்ணன்.

வார்ப்பில் தினமும் செய்வதைத்தான் செய்தேன். யோசிக்கக்கூட இல்லை. "தெரியாம எடுத்துட்டாராம்ண்ணா. தப்பு தன் மேலதான்னு சொல்றாரு."

முதலில் அவனை அங்கிருந்து கிளப்ப வேண்டும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். அண்ணன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். "இத்தினி பேர் எதிர்லயா சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப சரி. முடிஞ்சிது." கடைத் துரையைப் பார்த்துக் கை கூப்பினான். கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தான்.

தெருவுக்கு வந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெடுதல் செய்தவன் நாலு பேர் முன்னால் தப்பு என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் வழக்கு அத்தோடு தீர்ந்தது. அதற்குமேல் பொருளைக் கொடு என்று கேட்கக்கூடாது, கேட்டால் கேட்டவன்தான் குற்றவாளி. எடுத்தவன் தானாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைக்காமல் போனவன் என்று எங்கள் கரையில் யாரும் கிடையாது. ஒருவன் வலையை இன்னொருவன் அறுத்துவிட்டு, கங்கையம்மன் கோயில் முன்னால் தப்பு என்றான். மறுநாள் விடிவதற்குள் புது வலை வாசலில் கிடந்தது. இது தெரிந்துதான் நான் வளர்ந்தேன். துரைமார் பேச்சைத் தேன் தடவிக் கொடுத்துக் கொடுத்து, தப்பு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன கனம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நல்ல மன்சன்டா" என்றான் அண்ணன், நடந்துகொண்டே. "அத்தினி வெள்ளக்காரங்க எதிர்ல, என்னைய மாதிரி ஆளுகிட்ட தப்புன்னு சொல்லணும்னா எம்மாம் பெரிய மன்சு வோணும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் திரும்பிப் போவான், அடிபடுவான், போலீஸ் வரும், என் வேலை போகும். இதில் எது முதலில் என் மனதில் வந்தது என்று கேட்டால், வேலைதான்.

மறுநாள் அண்ணன் பக்க மரங்களை நகர்த்தி நடுவில் இடம் விட்டு வைத்தான். அதற்கு மறுநாளும் பார்த்தான். துரைக்கு ஆள் கிடைத்திருக்காது என்றான். பிறகு, மழை விடட்டும் என்றிருப்பார் என்றான். குப்பத்தில் இரண்டு பேர் போய்க் கேளேன் என்றதற்கு அவர்கள்மேல் எரிந்து விழுந்தான். "தப்புன்னு சொன்ன மன்சனப் போய் இன்னொரு தபா கேக்கச் சொல்றியே, நீயெல்லாம் கடல் தண்ணி குட்ச்சவனா?" கார்த்திகையில் அடுத்தவன் கட்டுமரத்தில் துடுப்புப் போடப் போனான். கடைசிவரை அப்படித்தான் போனான். பணம் சேர்த்துப் புது மரம் வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "வேணாம்டா, அவுரு கொண்டாரும்போது ரெண்டா பூடும்" என்பான்.

பஞ்சாயத்தில் யாராவது தன் தவறை ஒப்புக்கொள்ளாமல் முரண்டு பிடித்தால் அண்ணன் எழுந்து அந்தப் பீர்க்கடைக்காரன் கதையைச் சொல்வான். வெள்ளைக்காரரே சொன்னார், உனக்கு என்ன என்பான். சாட்சிக்கு என்னைக் கைகாட்டுவான். நான் தலையாட்டினேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை.

ஏழெட்டு வருஷம் கழித்துக் கடைத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினான். கடையை வாங்கியவன் கரிக்கிடங்கு ஆக்குவதற்காகக் கூரையைப் பிரித்தான். நடுமரம் ஆணி ஓட்டைகளோடு வெடித்துப்போய் விறகு வண்டியில் ஏறியதை நானே பார்த்தேன். அண்ணனிடம் அதையும் சொல்லவில்லை.

கப்பல் கிளம்பும் அன்று சாமான்களை ஏற்றும் இடத்தில் நான் நின்றிருந்தேன். அண்ணன் வந்தான். துரை ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, வழியில் சாப்பிட ஓலைக்கொட்டான் நிறைய வஞ்சிரக் கருவாடு கொண்டுவந்திருந்தான். மரத்தைப் பற்றி மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம், தனக்கு வருத்தம் இல்லை என்று அவரிடம் சொல்லச் சொன்னான்.

கடைத் துரையிடம் போய், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சொல்லையும் மழுப்பாமல் சொன்னேன்: நீ இவன் மரத்தைத் திருடினாய், இவன் உன்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறான். என் வேலை போகட்டும் என்றுதான் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "எந்த மரம்?" என்றான்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். இந்தத் தடவை தேன் தடவவில்லை. "எந்த மரம்னு கேக்குறார்ண்ணா. அவருக்கு ஞாபகமே இல்ல" என்றேன்.

அண்ணன் துரையை ஒரு தரம் உற்றுப் பார்த்தான். பிறகு அவன் முகம் இளகியது.

"பாவம், வயசாயிட்ச்சி இல்ல. அதான் கொண்டாந்து குடுக்க மறந்துட்டாரு" என்றான். கருவாட்டுக் கொட்டானைத் துரையின் பெட்டிமேல் வைத்தான். பெட்டியைத் தூக்கக் கூலி யாரும் பக்கத்தில் இல்லை. அவனே குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துனு நிக்கறியே, புடிடா" என்றான். மறுமுனையை நான் பிடித்தேன்.