யாருக்கும் காத்திராமல் போன என் சம்பந்தி அங்கம்மா

அங்கம்மா செத்த செய்தி எனக்கு ஆக்லாந்திலிருந்து வந்தது. அவள் வீடு ஃபிஜித் தீவின் சவேனியில், என் வீட்டுக்கு ஒரு கரும்பு வயல் தள்ளி. காலையில் அவளுக்குத் தேநீர் கொடுக்கப் போன பக்கத்து வீட்டுக்காரி, உடம்பு சில்லிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நியூசிலாந்தில் இருக்கும் மகளுக்குத்தான் முதலில் போன் அடித்தாள். மகள் சரோஜா தன் புருஷனிடம் சொல்ல, அந்தப் புருஷன், அதாவது என் மகன் ராமு, எனக்குச் சொன்னான். ஒரு வயலைத் தாண்ட வேண்டிய சேதி கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அவளை அறிந்த உங்களில் பாதிப்பேர் இப்போது அந்தக் கடலுக்கு அப்புறம்தான் இருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் நான் அதிகம் போனதில்லை. ஆனால் எதையும் மறந்ததும் இல்லை.

ராமுவுக்கும் சரோஜாவுக்கும் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் நாடு பூர்வகுடி ஃபிஜியருக்கே என்று சொல்லிப் பட்டாளம் முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தது. நம்மவர்களில் படித்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் புறப்பட்டார்கள். சரோஜாவும் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டாள். அவர்கள் விமானம் ஏறிய அன்று நாந்தி விமான நிலையத்தில் எல்லாரும் பார்க்க நான் அங்கம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் மக என் புள்ளையத் தூக்கிட்டுப் போறாளே, நல்லா இருப்பாளா?"

"நீ பெத்தது என்ன மாவு மூட்டையா, தூக்கிட்டுப் போக? கால் இருக்கு. அவனாத்தான் நடந்து ஏறினான்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். சொன்னது உண்மை என்பதால் எனக்கு ஆறவில்லை. பல வருஷம் கழித்து ஆட்சியைக் கவிழ்த்த அடுத்த கலகம் வரும்வரை அவளோடு நான் பேசவில்லை. கோயில் விசேஷத்தில் அவள் பரிமாறிய பந்தியில் உட்காரவும் இல்லை.

அடுத்த கலகத்தோடு மிச்சமிருந்த இளசுகளும் போனார்கள். குத்தகை முடிந்த நிலங்களில் புதர் மண்டியது. கரும்பு வெட்டும் கேங்கில் நரைக்காத தலை ஒன்றில்லை. அந்தச் சமயத்தில் ஆக்லாந்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி, விசாவுக்கான மெடிக்கலில் தேறமாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். அங்கம்மா போனாள். என் பேரனுக்கும் பேத்திக்கும் சோறூட்டியது அவள்தான். அதையும் நான் மன்னிக்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்து தாங்களாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்பி வந்தாள். என் வாசலில் வந்து நின்றாள்.

"என் வேலை முடிஞ்சுது சம்பந்தி. கொண்டாந்து விட்டுட்டாங்க."

"உன் மக உன்னைப் பாத்துக்க மாட்டாளாமா?"

"அவளுக்கு எங்க நேரம்? அங்கயும் ஊரெல்லாம் கெழம். வெள்ளக்காரக் கெழங்களக் குளிப்பாட்டி விடுற ஹோம்லதான் அவளுக்கு வேலை. நம்ம பொண்ணுங்க கை பதமா இருக்காம், தேடித் தேடி எடுக்கிறான்."

சிரித்தோம்.

அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவளைக் குளிப்பாட்டியது நான். ஆமாம், நான்தான். முதுகு தேய்த்தால், "மெதுவா தேயி, இதென்ன அடிப்பிடிச்ச சட்டியா?" என்பாள். "சும்மா இரு, உன் மக தேய்ச்சா மணிக்கூலி கேப்பா" என்பேன். அப்படி ஒரு நாள், முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"நான் போனா அவங்களுக்காக என்னை ஐஸ்ல போட்டு வைக்காத. உசிரோட இருந்தப்ப காத்துக் கெடந்தது போதும். செத்தும் காத்திருக்க என்னால ஆகாது. மறுநாளே கொளுத்திடு."

சரி என்றேன்.

அதனால்தான் அன்று ராமு போனில் சொன்னதை நான் கேட்கவில்லை.

"சரோஜாவுக்கு லீவு கெடைக்கலம்மா. ஹோம்ல ஆள் பத்தல. சனிக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரில வச்சிருங்க."

"வைக்க மாட்டேன். நாளைக்குக் காலையில எரிக்கிறோம்."

"அவ பெத்த மகம்மா! மொகத்தப் பாக்க வேணாமா?"

"பாக்குற மொகம் இத்தன வருஷம் இங்கதான் இருந்துச்சு."

பின்னால் சரோஜா கதறுவது கேட்டது. பாவம்தான். யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு அவள் அன்று சோறூட்டப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

பாடை தூக்க எங்களில் தெம்புள்ள தோள் இல்லை. பக்கத்துக் கிராமத்து ஃபிஜியர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தூக்கினார்கள். யார் பேரைச் சொல்லிப் பட்டாளம் எங்கள் பிள்ளைகளை விரட்டியதோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அங்கம்மாவின் கொழுந்தன் கொள்ளி வைத்தார். என் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று மருமகள் சொல்லிவிட்டாளாம். அவள் கோபம் நியாயம்தான். என்னிடம் அதைவிடப் பழைய கோபம் இருக்கிறது.

அங்கம்மாவுடையது என்று நான் வைத்துக்கொண்டது சேலையோ பாத்திரமோ இல்லை. பெற்ற மகளைக் கேட்காமல், அத்தனை காலம் பகைத்திருந்த என்னைக் கேட்டாளே, அது ஒன்றுதான். நான் சொன்னால் செய்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் காத்திராமல் மறுநாளே எரிய வேண்டும், எனக்கும் அதே ஆசைதான். அதை யாரிடம் சொல்லி வைப்பது என்று நம் தெருவை வீடு வீடாக யோசித்துப் பார்த்தேன். எல்லாரும் என்னைவிடக் கிழம்.