வசதி பத்தாத வீடு

இந்த ஊரில் அழைப்பு மணியை அடித்தவர்கள் உடனே இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொள்வார்கள். கதவைத் திறப்பவரின் முகத்துக்கு நேரே நிற்பது மரியாதை இல்லையாம். வடஜெர்மனியின் இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். திறந்தவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்குவார்கள். தேனி அல்லிநகரத்தில் எங்கள் தெருவில் "என்னாத்தா செய்யிறீக?" என்று கேட்கும்போதே பாதி ஆள் அடுப்படிக்குள் வந்திருக்கும். யார் அப்படி உள்ளே வரலாம், யார் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று கூப்பிட வேண்டும் என்பது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்போது நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. நான் உள்ளே போகிற வீட்டுப் பெண்.

இப்போது என் பகுதிநேர வேலையே வாசல்களில் நிற்பதுதான். மாணவர் பரிமாற்றம் நடத்தும் ஒரு சிறிய அமைப்பில், வெளிநாட்டிலிருந்து வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்க வீடு தேடுகிறேன். 'காஸ்ட்ஃபமிலியே' என்பார்கள், விருந்தாளியை ஏற்கும் குடும்பம். ஸ்வீடன் நாட்டுப் பெண் என்றால் உடனே அறை தயார். கானா நாட்டுப் பையன் என்றால் மாடிப்படி திடீரென்று செங்குத்தாகிவிடும், நாய்க்குப் புது ஆளைப் பிடிக்காமல் போகும், மாமியார் படுத்துவிடுவார். உண்மைக் காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். சிரித்துக்கொண்டே காபி ஊற்றுவார்கள். அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கென்று போட்டுக் கழுவுவேன். "எங்க ஊர்ல ஒரு பிள்ளைக்குச் சோறு போட இம்புட்டு யோசிப்பாகளா?" என்று கணவரிடம் கத்துவேன். அவர் துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவார்.

இந்த ஊரைச் சேர்ந்த லேனா என்ற பதினேழு வயதுப் பெண் தமிழ்நாட்டில் தங்கிப் படிக்க ஆசைப்பட்டபோது, என் ஊர்ப்பக்கமே அனுப்பலாம் என்று சொன்னது நான்தான். தேனியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் ராஜேந்திரன் அங்கே எங்கள் அமைப்பின் தொடர்பாளர், என் அண்ணனின் நண்பர், எங்கள் சாதிக்காரர். பள்ளியின் தலைமையாசிரியை சொன்னதை வைத்து, கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு வீட்டை அவரே எனக்குச் சொன்னார். ஆரோக்கியசாமி அரசுப் பள்ளி ஆசிரியர். மனைவி ரீட்டா செவிலியர். மகள் ஜெனிஃபருக்கு லேனாவின் வயது. வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த குடும்பம். போன் திரையில் ஜெனிஃபர் தன் அலமாரியில் பாதியைக் காலி செய்து காட்டினாள். லேனா "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கப் பழகினாள், அந்தப் பக்கம் வீடே சிரித்தது.

ராஜேந்திரன் அந்த வீட்டுக்கு முதன்முதலாக நேரில் போய்ப் பார்த்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"கம்பத்துல திராட்சத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் இருக்காரும்மா. பெரிய வீடு, ஏசி, காரு. அங்கனயே ஸ்கூலுக்கும் பேசிட்டேன். பிள்ளைய அங்கிட்டு மாத்திருவோம். இந்த வீடு வசதி பத்தாது."

"என்ன வசதி பத்தலண்ணே? நான் போன்ல முழு வீட்டையும் பாத்தேனே."

"நீ நம்ம வீட்டுப் பிள்ள, ஒனக்கு வெளக்கணுமா? அவுக எந்தத் தெருவுல இருக்காகன்னு போய்ப் பாத்தாத்தான் தெரியுது. நான் இதெல்லாம் பாக்குறவன் இல்ல. நாளைக்கி நாலு பேரு கேப்பாக."

'நான் பாக்குறவன் இல்ல.' எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! பார்க்காத மனிதர்தான் வாசலுக்குப் போனதும் தெருவைப் பார்த்திருக்கிறார். இங்கே மாடிப்படி செங்குத்தாவதும் அங்கே வசதி பத்தாமல் போவதும் ஒன்றுதான் என்று உறைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாள் இந்த ஊர்க்காரர்களைத் திட்டிய என் வாய்க்கு, சொந்த ஊர் பதில் சொல்லிவிட்டது.

மறுநாள் என் மேலாளர் ஃபிராவ் பெட்டர்சன் என்ற அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"இரண்டுமே இந்தியக் குடும்பங்கள்தானே? பெரிய வீடு கிடைத்தால் லேனாவுக்கு நல்லதுதானே?"

"வீட்டின் அளவு காரணம் இல்லை. அவர்கள் பிறந்த சாதி காரணம்."

"ஓ," என்று குரலைத் தாழ்த்தினார். "அப்படியென்றால் அது உங்கள் பண்பாடு. அதில் நாம் தலையிடக்கூடாது. மதிக்க வேண்டும்."

பண்பாடாம். அன்று சிரித்த ரீட்டாவின் முகத்தைத் திரையில் பார்த்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். லேனா வீட்டாரிடம் காரணத்தை அப்படியே சொல்லாமல் இந்த மாற்றத்தை நான் செய்யமாட்டேன், செய்யச் சொன்னால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். கோபம் வந்தால் என் ஜெர்மன் உடைந்துபோகும். பாதித் தமிழில்தான் கத்தினேன். பக்கத்து அறைக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அங்கிருந்து நேராக லேனாவின் வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். "ஜெனிஃபர் வீடு இல்லையென்றால் நான் போகவில்லை," என்றாள் லேனா.

அன்று சாயங்காலம் ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டேன். வசதி பத்தாது என்று ராஜேந்திரன் அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். "விடுங்க மேடம், எங்களுக்கு இது புதுசா? பாப்பாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல," என்றார். அவர் குரலில் கோபமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் ரீட்டா போனை வாங்கிக்கொண்டார்.

"அவரு விட்ருவாருக்கா, நான் விடமாட்டேன். வீட்டப் பாத்து வேணாம்னா சரி. எங்களப் பாத்து வேணாம்னா, அத எங்க மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க."

அடுத்த நாள் ரீட்டாவே ராஜேந்திரனைப் பார்க்கத் தேனிக்குப் பஸ் ஏறிவிட்டார். நடந்ததை அவரே எனக்குச் சொன்னார்.

"கடையில ஆளு நின்னாக. 'எங்க வீட்ல என்ன பத்தல சார், சொல்லுங்க, சரிபண்ணிருவோம்'னேன். தண்ணியா, கக்கூசா, கொசுவான்னு ஒண்ணொண்ணா கேட்டேன். மனுசன் தலயே நிமுரல. 'வேற காரணம்னா அதயும் இங்கனயே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்'னேன். கடைசில, 'ஆபீஸ்ல ஏதோ குழப்பம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க, பிள்ள ஒங்க வீட்டுக்குத்தான் வரும்'னுட்டாரு. அங்க நல்லாத்தான்க்கா பேசுனேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தப்பறம்தான் வேற ஊரு பஸ்ஸுல ஏறி ஒக்காந்துட்டேன்."

லேனா போனாள். படிப்புக் காலம் முடியும்வரை அந்த வீட்டில்தான் இருந்தாள். உள்ளூர் வியாபாரிகள் சங்கம் அவளுக்கு வரவேற்பு வைத்தபோது அவளை மட்டும் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அவளுக்குச் சோறு போடுகிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பெயர்கூடச் சொல்லவில்லை. "மேடையிலருந்து எறங்கி வந்து அந்தச் சால்வய எனக்குப் போத்திருச்சுக்கா, சங்கத்து ஆளுக மொகத்தப் பாக்கணுமே," என்று ரீட்டா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஃபிராவ் பெட்டர்சன் அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் பக்கத்துக்கு யாரையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். "சிக்கலான இடம்," என்றார். தப்பு செய்தவர் கடையைத் திறந்து நிம்மதியாக மோட்டார் விற்கிறார். கதவு ஜெனிஃபரைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் மூடியிருக்கிறது. நான் வேலையை விடவில்லை. விட்டால் கானாப் பையனுக்காக மணியடிக்க ஆள் இருக்காது.

அண்ணன் ஒரே ஒரு தடவை பேசினான்.

"ஏத்தா, கடைத்தெருவுல நம்ம ஆளு தலகுனிஞ்சு நின்னுருக்காரு, ஒன்னாலதான். அங்கன உக்காந்துக்கிட்டு ஒனக்கு எதுக்கு இந்த வேல? இங்கன இருக்குறது நாங்கள்ல?"

"இருக்குறவுக யாராச்சும் கேட்டிருந்தா நான் எதுக்கு கேக்கப்போறேன்?" என்றேன். வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். வருகிறேன் என்று அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். பார்த்திருந்தான், பதில் இல்லை. திண்டுக்கல்லில் பஸ் ஏறியதும், கண்டக்டர் கேட்பதற்கு முன்பே வாய் பழக்கத்தில் "தேனி ஒண்ணு" என்றது. வத்தலக்குண்டு தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் வழக்கம்போல அழுகை வந்தது. இந்த மலைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கெங்குவார்பட்டியில் எழுந்து பையை எடுத்தேன்.

"தேனிக்குல்ல டிக்கெட் எடுத்தீக?" என்றார் கண்டக்டர்.

"ஆமா. இங்கன எறங்கிக்கிறேன்."

எதிர்ப்பக்கம் ரீட்டாவும் ஜெனிஃபரும் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். நான் உடனே சாலையைக் கடக்கவில்லை. என் இருக்கை காலியாகவே இருக்க, அந்த பஸ் தேனியைப் பார்த்துப் போய் மறைகிறவரை, கையில் டிக்கெட்டோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.