எண்ணெய் ஊற்றாத உருண்டைகள்

புஜ்ஜி முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கியபடி எங்கள் வாசலில் நின்றான். தேய்பிறை அஷ்டமிக்கு மறுநாள் காலை அது. எதிர்வீட்டு வசந்தா அக்கா கோலமாவு டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"மல்லிகா, இங்க வந்து பாரேன்! பைரவர் சாமி கும்ட்டுகினு கீறாரு!"

நானும் போய்ப் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், போனை எடுத்துப் படம் வேறு பிடித்தேன். என் வீட்டுக்காரர் முருகேசன் அதை ஸ்டேட்டஸில் வைத்தார். ஊரெல்லாம் கும்பிடு அனுப்பியது. சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோதும் புஜ்ஜி அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். காலடியில் மஞ்சளாக வாந்தி.

நாய் வயிற்றுவலி தாங்க முடியாமல் நிற்கும் நிலை அது. சோம்பல் முறிக்கும் நாயும் இப்படித்தான் வளையும், ஆனால் உடனே நிமிர்ந்துவிடும். உங்கள் நாய் இப்படியே நின்றால், சாப்பாட்டையும் மறுத்தால், தயவுசெய்து படம் பிடிக்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

நாங்கள் ஆவடி சேக்காட்டில் இருக்கிறோம். புஜ்ஜிக்கு ஏழு வயது. நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் குட்டியாகக் கிடந்தவனை முருகேசன் டிபன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். உச்சி முதல் வால் வரை கருப்பு, ஒரு வெள்ளை முடிகூடக் கிடையாது. அதனால் எங்கள் தெருவுக்கே அவன்தான் பைரவர். ஒவ்வொரு தேய்பிறை அஷ்டமிக்கும் ஆளாளுக்குத் தட்டு ஏந்தி வருவார்கள். என் நாய்க்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரே பெருமை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் இளவயதுப் பெண். வயிற்றில் கை வைத்ததும் புஜ்ஜி முனகினான். ஏழு வருடத்தில் அவன் அப்படி முனகி நான் கேட்டதில்லை.

"நேத்து என்னம்மா சாப்பிட்டான்?"

நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். நெய் தடவிய சப்பாத்தி, வெல்லம், உளுந்து வடை, சர்க்கரைப் பொங்கல், இன்னொரு வீட்டு வடை, தயிர்சாதம், மறுபடியும் நெய் சப்பாத்தி. பாதியில் பேனா நின்றுவிட்டது.

"இதெல்லாம் ஒரே நாள்லயா?"

"அஷ்டமி டாக்டர்," என்றார் முருகேசன், அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பான்கிரியாடைடிஸ் என்றார் டாக்டர் (கணைய அழற்சி. இரைப்பையை ஒட்டி இருக்கும் கணையம், கொழுப்பைச் செரிக்கும் நீரைச் சுரக்கும் உறுப்பு. அளவுக்கு மீறிய கொழுப்பு, வேறு சில காரணங்கள், இவற்றால் அது வீங்கித் தன்னையே அரிக்கத் தொடங்கும்). வடையில் வெங்காயம் இருந்ததா, பொங்கலில் திராட்சை இருந்ததா என்றும் கேட்டார். அவை இரண்டும் நாய்க்கு விஷம். ஏழு வருடம் நாய் வளர்த்தவள், அன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் டிரிப் (நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்துநீர்). வாந்தியை நிறுத்த ஓர் ஊசி, வலிக்கு ஓர் ஊசி. நான் மருத்துவமனை நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூனைக்கூடையோடு ஒருவர், எதிரே மூச்சு வாங்கும் கிழட்டு லேப்ரடார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இதுதான்: எண்ணெய் கூடாது, நெய் கூடாது, பொரித்தது எதுவுமே கூடாது. சாப்பாட்டை நாலு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். மாத்திரை தவறக்கூடாது.

வந்த கையோடு வாசலில் நின்று கத்தினேன். "இனிமே எவளாச்சும் என் நாய்க்கு எதுனா போட்டீங்க, நடக்கிறதே வேற!"

வசந்தா அக்கா ஓடிவந்தார். அவர் மகளுக்கு வரன் கூடிக்கூடித் தட்டிப்போகிறது. கருப்பு நாய்க்கு ஒன்பது அஷ்டமி உன் கையால் செய்து போடு என்று ஜோசியர் சொல்லியிருந்தார். ஐந்து முடிந்திருந்தது.

"இன்னாடி இப்டி சொல்றே? இன்னும் நாலு கீதே. நடுவுல உட்டா பலிக்காதுடி."

"வேற நாயப் பாத்துக்கோக்கா. உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் புள்ள சாவணுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. அக்கா முகம் சுருங்கிப் போனது. அதோடு பேச்சு நின்றது.

மாத்திரை பெரிய பாடாக இருந்தது. சோற்றுக்குள் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாக வெளியே வைப்பான். வாழைப்பழத்துக்குள் வைத்தால் பழத்தையே தொடமாட்டான். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வேர்க்கடலை விழுதில் மாத்திரையை மறைத்துக் கொடுக்கும் வீடியோவைப் பார்த்தேன். சரி, நாமே செய்வோம் என்று கடலையை வெறும் சட்டியில் வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் அரைத்து, துளி வெல்லம் சேர்த்து உருட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை.

புஜ்ஜிக்கு அப்படிப் பிடித்தது! மிக்ஸி சத்தம் கேட்டாலே வாலாட்டிக்கொண்டு வந்து நிற்பான். மாத்திரைக்கு என்று ஆரம்பித்தது, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, சும்மா பார்த்ததற்கு ஒன்று என்று ஆனது. தெருவில் எல்லோரும் கெடுத்த நாயை நான் ஒருத்தி தேற்றுகிறேன் என்று எனக்கு ஒரே மிதப்பு.

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் எழுந்திருக்கவில்லை. வாந்தியில் ரத்தம் கலந்திருந்தது.

"யார் என்ன போட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"யாரையும் கிட்டவே விடல டாக்டர். என் கையால நான் செஞ்சதுதான். ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தல." உருண்டை செய்த விதத்தை அவரிடம் ஒப்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "கடலை எண்ணெய் எதுலேர்ந்தும்மா எடுக்கறாங்க?"

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் கூடாது என்றால் சட்டியில் ஊற்றும் எண்ணெய் என்றே நான் நினைத்திருந்தேன். கடலைக்குள்ளேயே இருக்கும் எண்ணெய் என் மூளைக்கு எட்டவே இல்லை. ஒரு தெருவே ஒரு நாளில் போட்டதை நான் ஒருத்தி இரண்டு வாரமாகப் போட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்த வாட்டி காப்பாத்திடலாம். இன்னொரு தடவை வந்தா என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா," என்றார் டாக்டர்.

ஐந்து நாள் ஆயிற்று. அவன் வீடு திரும்பியபோது விலா எலும்பை எண்ணலாம். அழுதது போதும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் பட்டறையில் பதினொரு வருடமாகச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறவள் நான். தகடு அடித்து வரும் பாகங்களை அளந்து, தேறினது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் என் பிழைப்பு. அங்கே கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்னால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவார். வீட்டில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன்?

டாக்டரிடம் கேட்டு, அவன் சாப்பிடக்கூடியவற்றைப் பட்டியல் போட்டேன். எது புதிதாகக் கொடுத்தாலும் அவரைக் கேட்ட பிறகுதான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மாற்றுவேன். இரண்டு தட்டில் இரண்டு வகை வைத்து, எதற்கு முதலில் போகிறான் என்று நோட்டில் எழுதுவேன். வெறும் கேழ்வரகு அடையை முகர்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். கேரட்டைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தான். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்றான், ஆனால் அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் மூச்சு விட முடியவில்லை.

"இன்னாமே, கம்பெனில பண்றது பத்தாதா, இங்கயும் ரிஜக்ட் போட்டுகினு கீறே?" என்று முருகேசன் கிண்டல் பண்ணினார்.

மூன்று நாள் சோதனைக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. புஜ்ஜி துரை எதை வைத்தாலும் இடது பக்கத் தட்டுக்கே போகிறார்! மூன்று நாள் எழுதியதையும் அடித்துவிட்டு, தட்டை மாற்றி மாற்றி வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்படித்தான் தெரிந்தது, நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் முக்கியம். ஆறிப்போனால் நல்ல தீனியும் அவனுக்குக் கல்தான். லேசாகச் சுடவைத்தால் அதே தீனிக்கு எச்சில் ஒழுகும். கோவில்பதாகையில் ஒரு கறிக்கடைக்காரரிடம் தோலும் கொழுப்பும் எடுத்த கோழி நெஞ்சுக்கறி வாங்குவேன். அதை உப்பில்லாமல் வேகவைத்து, கறியை அவன் சோற்றுக்கு ஒதுக்கிவிட்டு, அந்தத் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு ஏடாகப் படியும். அதை வழித்து எறிந்துவிட்டு, மிச்சத் தண்ணீரில் மசித்த பரங்கிக்காயையும் கேழ்வரகு மாவையும் பிசைவேன். மெல்லிசாகத் தட்டி இட்லிப் பானையில் வேகவைத்து, பிறகு தோசைக்கல்லில் சின்னத் தீயில் காயவிட வேண்டும். எண்ணெய் ஊற்றவில்லை. உள்ளேயும் கிட்டத்தட்ட இல்லை, இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பெரிய துண்டு ஒன்றைவிட நகம் அளவு துண்டு ஐந்து கிடைத்தால் அவனுக்குக் கொண்டாட்டம். எவ்வளவு பெரியது என்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை, எத்தனை தடவை கை நீள்கிறது என்பதுதான் பெரிது. இதைத் தெரிந்துகொண்ட அன்று வசந்தா அக்கா ஞாபகம் வந்தது. அவர் வேறு நாய்க்குப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் கேட்டைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார்.

நானே போனேன். "அக்கா, அன்னிக்கு வாய்த்துடுக்கா பேசிட்டேன். அவனைச் சாவடிக்கப் பாத்தது நான்தான், நீ இல்ல." கடலை உருண்டைக் கதையைச் சொன்னேன்.

"அட லூசு, கடலைல எண்ண இல்லாம இன்னா கீது?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜோசியர் சப்பாத்திதான் போடணும்னாரா?"

"என் கையால செஞ்சது போடணும்னாரு. அவ்ளோதான்."

"அப்ப வா. வந்து பிசை."

அடுத்த அஷ்டமிக்கு முதல்நாள் அக்கா குளித்துவிட்டு வந்து என் சமையலறையில் மாவு பிசைந்தார். மெல்லிசாகத் தட்டச் சொன்னால் தடிமனாகத் தட்டினார். பிரித்துத் திரும்பத் தட்டவைத்தேன். "மாமியாக்காரிகூட என்னை இப்டிப் படுத்தலடி," என்று புலம்பிக்கொண்டே தட்டினார். புஜ்ஜியின் ஒரு நாள் பங்கை மட்டும் நகம் நகமாக உடைத்துக் கிண்ணத்தில் போட்டேன். மறுநாள் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்து ஒரே ஒரு துண்டு. முணுமுணுத்தவர்களை அக்காவே பார்த்துக்கொண்டார். "நெய்யிகிய்யி எட்த்துகினு வந்தே, பைரவர் உன்னத்தான் கடிப்பாரு, போ!"

அதற்கும் மறுநாள் நான் வேலைக்கு லீவு போட்டேன்.

இந்த நோய் போய்விடவில்லை, போகவும் போகாது என்றார் டாக்டர். கட்டுக்குள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். என் உடம்பும் மாறித்தான் போயிருக்கிறது. காலையில் கண் திறப்பதற்கு முன் கை அவன் வயிற்றைத் தேடிப்போகிறது, மெத்தென்று இருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று. மாதக் காலண்டரை இப்போது நான் பார்ப்பதில்லை. எனக்கு ஒரு நாள் என்பது நாலு வேளை. ஒரு வேளை உள்ளே போய் வெளியே வராமல் தங்கினால் அடுத்த வேளையை நினைப்பேன். அவன் படுத்திருந்த நாள்களில் போன என் பசியும் சரியாகத் திரும்பி வரவில்லை.

லீவு போட்ட அன்று காலையும் கை வைத்துப் பார்த்தேன். வயிறு மெத்தென்றிருந்தது. நம்பிக்கை வரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவன் எழுந்து, வாசல் வரை போய், வெளியே மூத்திரம் பெய்துவிட்டுத் திரும்பி, நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்து தீனி டப்பாவைப் பார்த்தான். ஒன்றைச் சுடவைத்துக் கொடுத்தேன். தின்றான். இன்னொன்று. அதையும் தின்றான். வாந்தி இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது எனக்கு. கூடவே வயிற்றைக் கிள்ளிக்கொண்டு ஒரு பசி.

எனக்கென்று ஏதாவது சமைக்கப் பொறுமை இல்லை. கையில் இருந்த அடுத்த துண்டை அப்படியே என் வாயில் போட்டேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, பரங்கிக்காய் வாசனை மட்டும் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்று எடுத்தேன்.

புஜ்ஜி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினான்.