மறுசுவரைத் தொட்ட நாள்

இடது கணுக்காலில் அந்தக் கொப்புளம் வந்தபோது நான் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தால் குமட்டுகிறது, ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சித்ரா பௌர்ணமிக்கு வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சூட்டில் நடந்ததால் வந்த கொப்புளம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பக்கத்துப் போர்ஷன் அம்மாள் பார்த்துவிட்டு, "புண்ணியக் கொப்புளங்க, ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள். மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டேன். கொப்புளம் போகவில்லை. நெருப்புக் கங்கை வைத்து அழுத்தியதுபோல எரிந்தது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயது முடிவதற்குள் எனக்கென்று இரண்டு காரியம் செய்துவிட வேண்டும் என்று முந்தின வருஷமே டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்ன வேண்டும். இன்னொன்று, நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும். சிறுமியாக இருந்தபோது அண்ணன்கள் கிணற்றில் குதிப்பார்கள், நான் படியில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்குக் காவல் இருப்பேன். அந்தக் கோபம் நாற்பது வருஷமாக என்னிடம் இருந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் பெரியண்ணனுக்குக் கடலைக்கொல்லையும் ஒரு படிக்கிணறும் உண்டு. அந்த வீட்டுக் குடிதண்ணீரும் அதில்தான். கோடை விடுமுறையில் அண்ணிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். காய்ந்த சுரைக்குடுக்கையை என் இடுப்பில் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டு, "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னுவாங்க. டீச்சரம்மாவுக்கு நெஜச் சுரைக்காதான் உதவும்போல" என்று சிரிப்பாள். முதல் வாரம் முழுக்க நான் நீந்தியதைவிடக் குடித்த தண்ணீர்தான் ஜாஸ்தி.

அதற்குப் பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போனேன். "அம்பது வயசுல பொம்பளைக்கு இன்னா நீச்சல்?" என்று தெருவில் கேட்டார்கள். ஒரு வருஷம் ஆகியும் குடுக்கையில்லாமல் பாதிக் கிணறுதான் போக முடிந்தது. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பது என் கணக்கு. வைகாசியில் பிறந்தநாள். அதற்குள் நடக்காது என்றே நினைத்தேன்.

கொப்புளம் வந்த மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று அண்ணி சந்தைக்குப் போயிருந்தாள். கிணற்றுப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டேன். அப்படியொரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. கொப்புளம் உடைந்து பால் மாதிரி ஏதோ கலங்கி மறைந்தது. சீழ் போய்விட்டது, இனி ஆறிவிடும் என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீரைவிட்டு வெளியே வரவே மனமில்லை. குடுக்கை கட்டாமல் இறங்கினேன். பாசி வழுக்கும் எதிர்ச்சுவரைத் தொட்டேன், திரும்பி வந்து படியைப் பிடித்தேன். யாரும் இல்லாத கிணற்றில் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் புண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் நூல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து இழுத்தேன். காலுக்கு உள்ளே, முழங்கால்வரைக்கும், ஏதோ இழுபட்டது. முற்றத்தில் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் மாணவிகளின் அண்ணன் வயதுக்காரர்.

"நரம்புச் சிலந்திம்மா" என்றார். (தோலுக்கடியில் ஒரு வருஷம் வளர்ந்து, பெரும்பாலும் காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும் புழு. இரண்டு மூன்று அடி நீளம்கூட இருக்கும்.) "போன கோடையில குடிச்ச தண்ணியில வந்திருக்கும். நீங்க இழுத்தது அறுந்திருந்தா கால் வீங்கிச் சீழ் புடிச்சிருக்கும். இனிமே தீக்குச்சியில சுத்தித் தினம் கொஞ்சமா எடுக்கணும். இறுக்கம் தெரிஞ்சா அன்னிக்கு நிறுத்திடணும்."

"ஏன் டாக்டர் இப்படி எரியுது?"

"எரிஞ்சாத்தானே நீங்க காலைத் தண்ணியில வெப்பீங்க? அதுக்குத்தான் அது காத்துக்கிட்டிருக்குது. தண்ணி பட்டதும் பால் மாதிரி வரும், அது பூரா குட்டிங்க. கண்ணுக்குத் தெரியாத தண்ணிப்பூச்சி அதுங்களைத் தின்னும். ரெண்டு வாரம் போனா அந்தத் தண்ணி விஷம்தான். குடிக்கிறவங்களுக்கு அடுத்த வருஷம் இதே கதை. கெணத்துல, கொளத்துல எங்கயாவது காலை வெச்சீங்களா?"

"இல்லை" என்றேன்.

பொய் சொன்னால் முட்டி போடவைக்கிற டீச்சர் நான். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய்.

அண்ணி தகவல் தெரிந்து துணிமூட்டையோடு வந்துவிட்டாள். என்னால் அந்தப் புழுவைப் பார்க்கவே முடியவில்லை, அவள்தான் தினமும் காலையில் சுற்றினாள். என் காலைத் தன் மடியில் வைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியை அரைச்சுற்றுத் திருப்புவாள். "இன்னிக்கு ஒரு வெரக்கடை வந்துச்சி" என்பாள். பிறகு மருந்தில் நனைத்த துணியைக் கட்டுவாள். அவள் முகம் ஒருநாளும் சுளிக்கவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் உடம்பே எனக்குப் பிடிக்காமல் போனது. சாதம் பிசைந்தால் புழு, சேமியா பார்த்தால் புழு, விளக்குத் திரி பார்த்தால் புழு. பாதி பின்னிய ஸ்வெட்டரையும் மிச்ச நூலையும் கண் எதிரில் வைக்காதீங்க என்று அண்ணியிடம் சொன்னேன். ஒரு வருஷமாக என் சோற்றைத் தின்றுகொண்டு, நான் பாடம் நடத்தியபோதும் சாமி கும்பிட்டபோதும் என்னோடு இருந்திருக்கிறது.

முந்தின கோடையில் காலில் துணி சுற்றிய கூலியாள் ஒருவர் அந்தப் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பாவி, நாசமாய்ப் போக என்று அந்த மனிதரைப் படுக்கையில் கிடந்தபடி சபித்தேன். அவருக்கு எந்த டாக்டரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார். எனக்குச் சொல்லியிருந்தார், என்னை எனக்கு அதிகம் அருவருப்பாக்கியது அதுதான்.

கணக்கு டீச்சராயிற்றே, நாள் எண்ணாமல் இருக்க முடியுமா? கிணற்றில் இறங்கி ஏழு நாள், எட்டு நாள், ஒன்பது நாள். அண்ணன் வீட்டில் ஏழு பேர். கொல்லைக்கு வரும் கூலியாட்கள் வேறு. நாளை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். சொன்னால் அண்ணி என் காலைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

பதினோராம் நாள் அண்ணன் மகன் பஸ்ஸில் வந்து ஒரு தூக்கு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனான். "இந்த ஊர்த் தண்ணி உப்புக் கரிக்குது. உனக்குப் புடிக்குமேன்னு நம்ம கெணத்துத் தண்ணி கொண்டாரச் சொன்னேன்" என்றாள் அண்ணி. எனக்கு ஒரு தம்ளர் வைத்துவிட்டு, தனக்கு ஒன்று எடுத்து அண்ணாந்தாள்.

"குடிக்காதீங்க அண்ணி!"

நான் கத்திய கத்தலில் தண்ணீர் அவள் மார்பெல்லாம் கொட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். கொப்புளம் உடைந்ததை, பால் கலந்ததை, குட்டிகளைத் தின்னும் தண்ணீர்ப்பூச்சியை, டாக்டரிடம் சொன்ன பொய்யை. எதிர்ச்சுவரைத் தொட்டதையும் சொன்னேன், அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அண்ணி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"ஏழு நாளா."

"ஏழு நாளா எங்கையால இத்தச் சுத்தவெச்சிக்கிட்டு, எம்புள்ளைங்க அத்தக் குடிக்கட்டும்னு இருந்தியா?"

அன்றைய அரைச்சுற்றைச் சுற்றி முடித்தாள். கட்டுப் போட்டாள். கையைச் சோப்பு போட்டு மூன்று தடவை கழுவினாள். மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நானே சுற்றினேன். முதல்நாள் வாந்தி வந்தது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நாள். கடைசி வால் வழுக்கிக்கொண்டு வந்தபோது அழுகை வரவில்லை, நெருப்பில் போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சினேன். நடுவில் பிறந்தநாள் வந்து போயிருந்தது, அது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. கால் ஊன்றி நடந்ததும் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரட்டை மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னார். அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். உன்னிடமிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலமே வடிகட்டத் தொடங்கிவிட்டாள் உன் அண்ணி, என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பிறகு ஒரு வருஷம் காத்திருந்தோம். வேறு வைத்தியம் எதுவும் இல்லை. பதினோரு நாளில் கிணறு கெட்டுப்போயிருந்ததா என்பதை அவர்கள் கால்கள்தான் சொல்ல வேண்டும். தீபாவளிக்குப் போனேன், அண்ணி சோறு போட்டாள், பேசவில்லை. நான் தலை குனிந்து ஒவ்வொருவர் கணுக்காலாகப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

சித்திரை போய், வைகாசி போய், ஆனியில் ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை தூக்கி இரண்டு கால்களையும் நீட்டினாள்.

"பாத்துக்கோ. வீட்ல அத்தினி பேர் காலையும் பாத்துட்டுத்தான் வரேன். ஒண்ணுமில்ல."

நான் அவள் கணுக்காலைத் தடவினேன். கையை எடுக்க முடியவில்லை. அவளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"படியைக் கல்லு வெச்சி அடைச்சிட்டோம். சகடை போட்டு வாளியிலதான் எறைக்கிறோம். இனிமே யாரும் எறங்க முடியாது" என்றாள். "பசங்க நீச்சல் போச்சேன்னு உன்னைத்தான் திட்டுறானுங்க."

அதனால் என் ஐம்பதாம் வயதில் நான் எதிர்ச்சுவர்வரை நீந்தியது அந்த ஒரு நாள்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாளும் வேறு இல்லை, அவ்வளவு அசிங்கமான நாளும் வேறு இல்லை. இரண்டும் ஒரே நாள் என்பதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒரு நாள் என்றால் எனக்கு இப்போதும் ஒரு விரற்கடை. வெளியூரில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால், அடுத்த வருஷம் இதே மாதத்தில் கால் என்ன சொல்லும் என்று மனது எண்ணத் தொடங்குகிறது. குளிக்கும்போது கணுக்காலில் உள்ள வெள்ளைத் தழும்பைத் தொடாமல் இருப்பதில்லை.

இதைப் படிக்கிற யாருக்காவது காலில் அந்தக் கொப்புளம் வந்திருந்தால், தண்ணீரில் வைத்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? டாக்டரிடம் அப்புறம் போகலாம். முதலில் கிணற்றுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.