கம்ப்ரசர் ஓரத்தில் ஒரு காது பரிசோதனை

என் தங்கை காமினி டிப்ளோமா வாங்கிய அன்று எங்கள் சின்னம்மா கேட்டார்: "என்னாடி வேல அது? காது குத்துற வேலையா?" வீடே சிரித்தது. சின்னம்மாவின் மகனோ விடிந்தது முதல் இரண்டு காதிலும் பாட்டைச் சொருகிக்கொண்டு, பெற்றவள் கூப்பிட்டாலும் திரும்பாதவன். அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமலே.

தொழிற்சாலை ஆட்களின் காதைப் பரிசோதிப்பது காமினியின் வேலை. வேனுக்குள் சத்தம் புகாத சின்ன அறை. ஆள் உள்ளே உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வேனை ஓட்டுகிறவன் நான். அவளைவிடப் பதினோரு வயது மூத்தவன். ஏழு வருடத்தில் அவள் ஒரு பரிசோதனைத் தாளைக்கூட அவசரமாக எழுதி நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாம் ஊர்ச் சந்தைக்கு எதிர் அடுக்குமாடியில். காலையில் கோழி வெட்டும் கத்தி, சாயங்காலம் பக்கத்து வீட்டு கராவோக்கே. பட்டாசு வெடித்தால் போலீசுக்கு போன் போடுகிற எங்கள் மாடிக்காரர்கள், பிறை தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் மெஷின் உறுமலுக்குள் நின்றுவிட்டு வந்து "பழகிருச்சுலா" என்பார்கள். பழகவில்லை, காது செத்துக்கொண்டிருக்கிறது என்று காமினி சொன்னால், "என்னா?" என்று கேட்பார்கள்.

போன வருடம் மார்ச்சில் பிறையில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலைக்குப் போனோம். புதிதாகச் சேர்ந்த பதினான்கு பேருக்கு முதல் பரிசோதனை. அங்கே பாதுகாப்பு அதிகாரி சுகுமாரன். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கழுத்தில் மூன்று அட்டைகள். கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடக்க, வேனை கம்ப்ரசர் அறையை ஒட்டி நிறுத்தச் சொன்னார்.

"இதாண்ணே கிட்ட. ஆளுங்க நடக்குற நேரம் மிச்சம்லா."

முதலில் வந்தவர் ஹபீபா பீவி. நாற்பது வயது, இங்கே சேரும் முன் நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஆர்டர் எடுத்தவர். "கடைசி மேசையில முணுமுணுத்தாலும் எனக்கு வெளங்கும்மா" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். தாளைப் பார்த்தால் பாதி ஒலிகள் அவருக்குக் கேட்கவில்லை. அடுத்தவருக்கும் அப்படியே. காமினி பேனாவை மூடினாள். இரைச்சல் அளக்கும் கருவியை அறைக்குள் வைத்துப் பார்த்தாள். கம்ப்ரசரின் உறுமலும் காற்றுச் சீறலும் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருந்தன.

"சார், வேன நகத்தணும். இங்க எடுத்தா எல்லாருக்கும் காது மோசம்னுதான் வரும்."

"வரட்டுமே தங்கச்சி. இதுக்குப் போயி இவ்ளோ சடங்கா? சைன் போட்டுக் குடுங்க."

வரட்டுமே! இந்த ஒரு சொல்லில் ஆளின் உயரம் தெரிந்துவிட்டது. முதல் தாளிலேயே காது மோசம் என்று இருந்தால், பிற்பாடு ஹபீபா பீவி உண்மையிலேயே செவிடாகி நஷ்டஈடு கேட்டாலும் அந்தத் தாளை நீட்டி, "வர்றப்பவே இப்படித்தான்" என்று சொல்லிவிடலாம்.

காமினி குரலை உயர்த்தவில்லை. "சரி சார். மொதல்ல நீங்க உக்காருங்க."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். காமினி தாளை நீட்டினாள்.

"ரெண்டு காதும் போச்சு சார். சைன் போட்டு ஒங்க ஆபீசுக்கு அனுப்பட்டுமா?"

"ஏய், எனக்கு நல்லாத்தாம்மா கேக்குது!"

"செவிட்டு ஆபீசரா எங்களுக்கு சேஃப்டி சொல்லித் தர்றது?" என்றார் ஹபீபா பீவி. வரிசை முழுதும் சிரித்தது. அந்த இரைச்சலிலும் அது சுகுமாரனுக்கு நன்றாகவே கேட்டது, கழுத்து சிவந்துவிட்டது.

வேனை கார் நிறுத்தும் இடத்துக்கு ஓட்டினேன். பதினான்கு பேரையும் முதலிலிருந்து சோதித்தாள். பதின்மூன்று பேருக்குக் குறையே இல்லை. ஒருவருக்கு மட்டும் இடது காது கொஞ்சம் மந்தம். அதையும் உள்ளபடி எழுதினாள். சுகுமாரனின் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். வாங்கி, பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த வருடம் அந்தத் தொழிற்சாலை எங்களைக் கூப்பிடவில்லை. வேறொரு வேன் வந்ததாம். எங்கே நிறுத்தினார்கள் என்று ஹபீபா பீவி போனில் சொன்னார்: கம்ப்ரசர் அறை ஓரம். அப்படி நிறுத்துகிற டிரைவரும் எங்கேயாவது இருக்கத்தானே செய்வான். இருக்கட்டும். ஹபீபா பீவியின் கோப்பில் முதல் தாள் காமினி கையெழுத்திட்டது. அதன் நகல் அவர் வீட்டு அலமாரியில், மகளின் பிறப்புப் பத்திரத்துக்குக் கீழே இருக்கிறது.